மார்ஜியின் இயந்திர வாத்தியாரைத் தெரியுமா?

மார்ஜியைத் தெரியுமா? வயது பதினொன்று. அவள் வாழ்வது 2157-ஆம் ஆண்டில். பள்ளிக்கூடம் என்றால் அவளுக்குப் படுக்கையறையை ஒட்டிய இன்னொரு அறை. வாத்தியார் என்றால் ஒரு பெரிய இயந்திரம். பூகோளப் பாடத்தை அது அவசர அவசரமாக ஓட்டுவதால் மார்ஜி பரீட்சைக்குப் பரீட்சை கோட்டை விடுகிறாள். யாரும் பிள்ளையைத் திட்டவில்லை. ஆய்வாளர் ஒருவர் கருவிப் பெட்டியோடு வருகிறார், வாத்தியாரைத் திருகு திருகாகக் கழற்றுகிறார், வேகத்தைக் குறைத்துப் பூட்டிவிட்டுப் போகிறார்!

எழுதியவர் ஐசக் அசிமோவ். ஆண்டு 1951. ஒரு சிறுவர் செய்தித்தாளுக்காக எழுதிய குட்டிக் கதை. சிபிஎஸ்இ ஒன்பதாம் வகுப்பு ஆங்கிலப் புத்தகமான 'பீஹைவ்'-இல் பல ஆண்டுகள் முதல் பாடமே இதுவாகத்தான் இருந்தது. கொரோனா காலத்தில் செல்போனைச் சுவரில் சாய்த்து வைத்து, வீட்டு மூலையில் உட்கார்ந்து இந்தக் கதையைப் படித்த பிள்ளைகளுக்கு அசிமோவின் தீர்க்கதரிசனத்தைத் தனியாக விளக்க வேண்டியிருந்திருக்காது.

ஆனால் இன்னொன்றைக் கவனித்தீர்களா? திரையில் பாடம் வரும் என்று அத்தனை சரியாகச் சொன்ன மனிதர், 2157-லும் பிள்ளைகள் வீட்டுப்பாடத்தைத் துளைக் குறியீட்டில் எழுதி இயந்திரத்தின் வாயில் செருகுவார்கள் என்றும் நினைத்தார்! அவர் காலத்துக் கம்ப்யூட்டருக்குப் பெரும்பாலும் அட்டையில் துளை போட்டுத்தான் எதையும் சொல்ல முடியும். அந்த அட்டைகள் எப்போதோ வழக்கொழிந்துவிட்டன.

வகுப்பில் இந்தக் கதையை நடத்தி முடித்ததும் நாம் கேட்பது என்ன? கதையில் வரும் டாமி என்ற பையனின் வயது என்ன, அவனுக்குப் பழைய புத்தகம் எங்கே கிடைத்தது, மார்ஜிக்கு எந்தப் பாடம் வரவில்லை. எல்லாவற்றுக்கும் கைடில் விடை இருக்கிறது. அசிமோவ் எங்கே ஜெயித்தார், எங்கே சறுக்கினார், ஏன் சறுக்கினார் என்று கேட்டுப் பாருங்கள். ஒரு பீரியட் போதாது! அறிவியல் புனைகதையை உயர்நிலைப் பள்ளியில் வைப்பதற்கு என் கட்சி இதுதான். பலித்ததைப் பார்த்துக் கைதட்டுவதைவிடப் பலிக்காததைப் பிடித்துக் குடைவதில்தான் பாடம் இருக்கிறது.

நம் மாநிலப் பாடத்திட்டத்துப் பிள்ளைகள் மட்டும் சளைத்தவர்களா? பத்தாம் வகுப்பு ஆங்கிலத் துணைப்பாடத்தில் ஒரு பத்திரிகை அதிபர் வருகிறாரே, தெரியுமா? அவர் வாழ்வது 2889-இல். செய்தித்தாள் அச்சாவதில்லை, சந்தாதாரர்களுக்குக் குரலாகப் போய்ச் சேர்கிறது. மனைவி பாரிஸில் இருக்க, இவர் அமெரிக்காவில் இருந்தபடி கண்ணாடியில் அவர் முகம் பார்த்துப் பேசுகிறார். விளம்பரங்களை மேகங்களின் மேல் ஒளியால் எழுதுகிறார்கள்! மேகமே இல்லாத நாளில் விளம்பரப் பிரிவு ஆட்கள் கைகட்டி உட்கார்ந்திருக்க, முதலாளி எரிச்சலாகிச் செயற்கை மேகம் தயாரிக்கச் சொல்கிறார். கதை வெளியான ஆண்டு 1889. வானொலி தந்த மார்கோனி அப்போது 14 வயதுப் பையன்! கதையில் ஜூல் வெர்ன் பெயர் இருந்தாலும், பெரும்பாலும் எழுதியவர் அவருடைய மகன் மிஷேல்தான் என்பது ஆய்வாளர்களின் கருத்து. அப்பா பேரில் பிள்ளை எழுதிய கதையை நம் பிள்ளைகள் படிக்கிறார்கள்!

தமிழ்ப் பாடநூலும் பின்தங்கிவிடவில்லை. ஆறாம் வகுப்பில் 'கணியனின் நண்பன்' என்று ரோபோவைப் பற்றிய பாடம், பத்தாம் வகுப்பில் 'செயற்கை நுண்ணறிவு' என்றே ஓர் உரைநடை. ரோபோ என்ற பெயரை உலகுக்குக் கொடுத்த செக் நாட்டு நாடகத்தில் ஓர் இரும்புத் துண்டு ரோபோகூடக் கிடையாது என்பது தெரியுமா? காரல் சாபெக்கின் அந்த நாடகம் 1921-இல் மேடை ஏறியது. அதில் வரும் ரோபோக்கள் உயிர்ப்பொருள் போன்ற ஒரு குழம்பிலிருந்து வார்த்தெடுக்கப்பட்டவை, பார்த்தால் மனிதர்களேதான். தகர டப்பா உடம்பு பிற்பாடு வந்து ஒட்டிக்கொண்டது.

சரி, அப்பா வெர்னின் பீரங்கிக்கு வருவோம்!

1865-இல் வெர்ன் மூன்று பேரை ஒரு குண்டுக்குள் உட்காரவைத்து, அமெரிக்காவின் புளோரிடாவிலிருந்து நிலாவை நோக்கிச் சுட்டார். பீரங்கியின் நீளம் 900 அடி, அதாவது சுமார் 274 மீட்டர். ஒரு நூற்றாண்டு கழித்து அப்பல்லோ 11 கிளம்பியதும் அதே புளோரிடா. போனவர்களும் மூன்று பேர். திரும்பி விழுந்ததும் வெர்னின் பயணிகளைப் போலவே பசிபிக் கடலில்! இந்த ஒற்றுமையை எல்லாரும் சொல்லிச் சொல்லிப் பிள்ளைகளுக்கே அலுத்துவிட்டது. அலுக்காத பகுதி பலகையில் இருக்கிறது. சாக்பீஸை எடுங்கள். v² = u² + 2as. ஒன்பதாம் வகுப்புச் சமன்பாடுதான். தொடக்க வேகம் சுழி. குழாயை விட்டு வெளியே வரும்போது நொடிக்கு சுமார் 11 கிலோமீட்டர். கடந்த தூரம் 274 மீட்டர். முடுக்கம் எவ்வளவு?

புவியீர்ப்பு முடுக்கத்தைப்போல் ஏறக்குறைய 22,000 மடங்கு!

60 கிலோ எடையுள்ள ஆள் அந்தக் கணத்தில் 1,300 டன்னுக்கு மேல் கனப்பார். குழாய்க்குள் பயணிக்கும் நேரம் ஒரு நொடியில் இருபதில் ஒரு பங்கு. நிலா பயணம் பீரங்கி வாயைத் தாண்டும் முன்பே முடிந்துவிட்டது. குண்டுக்குள் இருப்பது பயணிகள் அல்ல, துவையல். இந்த விடை பலகையில் வந்து விழும் கணத்தில் கடைசி பெஞ்சு எழுப்பும் சத்தத்தைப் பக்கத்து வகுப்பு ஆசிரியர் வந்துதான் அடக்க வேண்டியிருக்கும்.

இந்தக் கணக்கை ஒரு சிறுவன் உண்மையிலேயே போட்டுப் பார்த்தான் என்பது தெரியுமா? டிரான்சில்வேனியாவில் வளர்ந்த ஹெர்மன் ஓபெர்த். பதினொரு வயது வாக்கில் வெர்ன் நாவல் கையில் கிடைத்தது. திரும்பத் திரும்பப் படித்துக் கிட்டத்தட்ட மனப்பாடமே ஆகிவிட்டது. பீரங்கியில் போனால் நசுங்கிவிடுவார்களே என்று புரிந்த அந்தப் பையன், வேறு வழி தேடி ராக்கெட்டுக்கு வந்து சேர்ந்தான். ராக்கெட் பற்றி எழுதிய முனைவர் பட்ட ஆய்வேட்டை 1922-இல் நிராகரித்தார்கள். அடுத்த ஆண்டே அதைப் புத்தகமாக்கினார். பிறகு வயிற்றுப்பாட்டுக்கு என்ன செய்தார்? மேடியாஷ் என்ற ஊரில் உயர்நிலைப் பள்ளியில் கணக்கும் இயற்பியலும் நடத்தினார்!

அவரே 1929-இல் ஃபிரிட்ஸ் லாங் எடுத்த நிலாப் பயணப் படத்துக்குத் தொழில்நுட்ப ஆலோசகராகவும் இருந்தார். ஸ்ரீஹரிகோட்டாவில் நாம் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்கிறோமே, பத்து, ஒன்பது, எட்டு என்ற அந்தக் கவுண்ட்டவுன், அது முதலில் புறப்பட்டது ஏவுதளத்திலிருந்து அல்ல, அந்த ஊமைப் படத்திலிருந்து! பார்வையாளர்களுக்குப் படபடப்பு கூட்ட லாங் செய்த சினிமா உத்தி. நிஜ ராக்கெட்காரர்கள் அதைப் பார்த்து எடுத்துக்கொண்டார்கள்.

ரஷ்யாவில் இன்னொரு வாத்தியார். கான்ஸ்தந்தின் சியோல்கோவ்ஸ்கி. சிறு வயதில் வந்த காய்ச்சலில் காது ஏறக்குறைய போய்விட்டது. கலூகா என்ற ஊரில் பள்ளிக்கூடத்தில் கணக்கு நடத்தியபடி 1903-இல் ராக்கெட் சமன்பாட்டை வெளியிட்டார். இவரையும் முதலில் விண்வெளிப் பக்கம் திருப்பியது வெர்ன்தான். சும்மா படித்ததோடு விடாமல் 1893-இலேயே நிலாவைப் பற்றிச் சொந்தமாக ஒரு கதையும் எழுதிவிட்டார். அமெரிக்காவில் ராபர்ட் கோடார்ட், பதினைந்து வயதில் எச்.ஜி.வெல்ஸின் செவ்வாய்க்காரர் கதையைத் தொடராகப் படித்தார். மறு வருடம் வீட்டுச் செர்ரி மரத்தில் ஏறி உட்கார்ந்தபோது விண்வெளிக்குப் போகும் யோசனை பிடித்துக்கொண்டது. அந்தத் தேதியை, அக்டோபர் 19, வாழ்நாள் முழுக்க ஆண்டு விழாபோல் நினைவு வைத்திருந்தார். ராக்கெட் யுகத்தின் மூன்று தந்தையர். மூவர் கையிலும் இளம் வயதில் ஒரு கதைப் புத்தகம்!

எழுதியவர்களுக்கு மட்டும் என்ன வயது என்று நினைக்கிறீர்கள்? இந்தோனேசியாவில் 1815 ஏப்ரலில் தம்போரா எரிமலை வெடித்தது. சாம்பலும் கந்தகமும் வானத்தை மூட, மறு ஆண்டு ஐரோப்பாவில் கோடையே வரவில்லை. ஜெனீவா ஏரிக்கரையில் விடாத மழை. வெளியே போக முடியாமல் கவிஞர் பைரன் வீட்டில் அடைந்து கிடந்த நண்பர்கள், ஆளுக்கொரு பேய்க்கதை எழுதுவது என்று பந்தயம் போட்டார்கள். கூட்டத்தில் இருந்த மேரி என்ற பெண்ணுக்கு அப்போது வயது 18. நம் ஊர்க் கணக்கில் பிளஸ் டூ முடித்த கையோடு! அவள் எழுதியதுதான் 'ஃபிராங்கன்ஸ்டைன்'. 1818-இன் முதல் நாளில் 500 பிரதிகள் வெளியாயின. ஆசிரியர் பெயரே போடவில்லை. ஒரு எரிமலைக்கும் ஒரு நாவலுக்கும் நடுவே இருக்கும் கோட்டைப் பூகோள ஆசிரியரும் ஆங்கில ஆசிரியரும் சேர்ந்து நடத்தினால் எப்படி இருக்கும்!

அதில் ஒரு விஷயத்தை இன்றைய பிள்ளைகள் சட்டென்று பிடித்துக்கொள்வார்கள். ஃபிராங்கன்ஸ்டைன் படைத்த உருவம் பேசக் கற்றது எப்படித் தெரியுமா? ஒரு குடும்பத்தின் பேச்சைச் சுவருக்கு இந்தப் பக்கம் ஒளிந்து நின்று ஒட்டுக்கேட்டு! பிறகு வழியில் கிடந்த மூன்று புத்தகங்களைப் படித்து மனிதர்களைப் புரிந்துகொள்கிறது: மில்டனின் காவியம், புளூடார்க் எழுதிய வாழ்க்கை வரலாறுகள், கதேயின் காதல் நாவல். மனிதர்களின் பேச்சையும் எழுத்தையும் விழுங்கி மனிதரைப்போலப் பேசும் ஒரு படைப்பு. படைத்தவரோ அதைப் பார்த்த மாத்திரத்தில் பயந்து ஓடிவிடுகிறார். செயற்கை நுண்ணறிவு பற்றிப் பத்து ஸ்லைடு போடுவதைவிட இந்த நாவலின் நடுப்பகுதியை வைத்துக்கொண்டு, தப்பு யார் மேல் என்று வகுப்பை இரண்டாகப் பிரித்து மோதவிடலாம். படைத்தவன் மேலா, படைப்பின் மேலா, அந்த மூன்று புத்தகங்களின் மேலா?

மேரிக்கும் முந்திய ஒரு மாணவர் உண்டு. கோள்களின் விதிகளைத் தந்த கெப்ளர்! நிலாவில் நின்று பார்த்தால் பூமி எப்படித் தெரியும் என்பதை 1593-இல், மாணவராக இருந்தபோதே ஓர் ஆய்வுரையாக எழுதினார். அதைப் பிறகு கதையாக வளர்த்தார். கதையில் நாயகனின் தாய் மாயவித்தை தெரிந்தவள். கையெழுத்துப் பிரதி ஊருக்குள் சுற்றியது. கெப்ளரின் சொந்தத் தாய் மேல் சூனியக்காரி என்று வழக்கு வந்தது. வயதான காலத்தில் பதினான்கு மாதம் சிறையில் கிடந்தார். மகனே வாதாடி மீட்டார். தன் கதையும் அந்த வதந்திக்கு எண்ணெய் ஊற்றிவிட்டதோ என்று அவர் வருந்தினார். புத்தகம் அச்சில் வந்தது 1634-இல், அவர் இறந்த பிறகு.

இப்போது நம் நாட்டுக்கு வாருங்கள். 1896-இல் ஒரு தலைமுடித் தைலக் கம்பெனி வங்காளத்தில் கதைப் போட்டி வைத்தது. நிபந்தனை, கதையில் அந்தத் தைலம் வர வேண்டும்! பரிசு வாங்கிய கதையில், கொல்கத்தாவை நோக்கி வந்த புயல் திடீரென்று காணாமல் போகிறது. காரணம், கப்பலில் போன ஒருவர் கொந்தளிக்கும் கடலில் தைலப் புட்டியைக் கவிழ்த்துவிட்டார்! எழுதியவர் யார் தெரியுமா? மின்காந்த அலைகளை ஆராய்ந்து உலகை வியக்கவைத்த ஜகதீஷ் சந்திர போஸ். சிரிக்காதீர்கள், இதற்குள் பிளஸ் ஒன் பரப்பு இழுவிசைப் பாடம் முழுக்க உட்கார்ந்திருக்கிறது. லண்டனில் ஒரு குளத்தில் பெஞ்சமின் பிராங்க்ளின் ஒரு டீஸ்பூன் எண்ணெய் விட்டு, அரை ஏக்கர் பரப்புக்குச் சிற்றலைகள் அடங்கியதைப் பதிவு செய்திருக்கிறார். குளத்துச் சிற்றலை அடங்கும், புயல் ஏன் அடங்காது? டிசம்பர் மாதத்துச் சென்னைப் பிள்ளைகளிடம் கேளுங்கள். புயலுக்குச் சக்தி எங்கிருந்து வருகிறது என்று அவர்களே தேடிக்கொண்டு வருவார்கள்.

சென்னை என்றதும் இதைச் சொல்லாமல் இருக்க முடியாது. உலகின் முன்னோடிப் பெண்ணியக் கற்பனை நாடு ஒன்று முதன்முதலில் அச்சானது சென்னையில்தான்! 1905. கமலா சத்தியநாதன் நடத்திய 'இந்தியன் லேடீஸ் மேகசின்' என்ற ஆங்கில இதழ். எழுதியவர் வங்கத்தைச் சேர்ந்த ரொக்கையா சகாவத் ஹுசைன், கதை 'சுல்தானாவின் கனவு'. அந்த நாட்டில் பெண்கள் வெளியே, ஆண்கள் திரைக்குப் பின்னால்! ஒரு பெண்கள் பல்கலைக்கழகம் மேகத்திலிருந்தே குழாய் போட்டுத் தண்ணீர் எடுக்கிறது. இன்னொன்று சூரிய வெப்பத்தைச் சேமித்து வைக்கிறது. சமையல் சூரிய வெப்பத்தில், பயணம் ஆகாயத்தில். எதிரிப் படை வந்தபோது, ஆண்கள் தோற்றுத் திரும்பிய பிறகு, சேர்த்து வைத்த வெயிலைத் திருப்பிவிட்டே விரட்டியடிக்கிறார்கள். அங்கே ஒரு நாளைக்கு இரண்டு மணி நேரம் வேலை செய்தால் போதும். ஆண்கள் ஆபீசில் ஏழு மணி நேரம் இருந்தார்களே என்றால், சுருட்டுப் பிடித்த நேரத்தைக் கழித்துப் பாருங்கள் என்று கணக்கே போட்டுக் காட்டுகிறாள் கதைப் பெண்!

அண்ணனிடம் இரவில் ரகசியமாக ஆங்கிலம் படித்தவர் ரொக்கையா. 1911-இல் கொல்கத்தாவில் எட்டே பிள்ளைகளோடு பெண்கள் பள்ளி தொடங்கினார். கதையில் கண்ட பல்கலைக்கழகத்துக்கு அடிக்கல்லைக் கையோடு நட்டுவிட்டார் என்றுதான் எனக்குத் தோன்றும். 2024-இல் யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் நினைவுப் பதிவேட்டில் இந்தக் கதை இடம்பிடித்தது. சென்னையில் எத்தனை பெண்கள் பள்ளிகள்! அவற்றில் ஒன்றிலாவது இது பாடமாக இருக்க வேண்டாமா?

ஜெயந்த் நார்லிகரை வானியற்பியலாளராக அறிவீர்கள். 1974-இல் மராத்தி அறிவியல் அமைப்பு நடத்திய கதைப் போட்டிக்கு அவர் திருட்டுத்தனமாகக் கதை அனுப்பினார் தெரியுமா? தன் முதலெழுத்துகளைத் தலைகீழாக்கி ஒரு புனைபெயர். கையெழுத்து காட்டிக்கொடுத்துவிடுமே என்று மனைவியை எழுதச் சொல்லிப் படி எடுத்து அனுப்பினார். முதல் பரிசு! கருந்துளையைப் பற்றிய கதை அது. சிபிஎஸ்இ பதினோராம் வகுப்பின் 'ஹார்ன்பில்' புத்தகத்தில் இடம்பெற்ற அவருடைய கதையோ இன்னும் குறும்பானது. 1761 பானிபட் போரில் ஒரு குண்டு மராத்தியர் தரப்பு விஸ்வாச ராவின் மேல் படாமல் காதோரமாகப் போய்விடுகிறது. அவ்வளவுதான்! மராத்தியர்கள் ஜெயிக்கிறார்கள், இந்தியாவின் வரலாறே வேறு பாதையில் ஓடுகிறது. வரலாற்று ஆசிரியரும் இயற்பியல் ஆசிரியரும் யார் நடத்துவது என்று சண்டை போட்டுக்கொள்ள வேண்டிய பாடம். நடைமுறையில் ஆங்கில ஆசிரியர் ஒருவரே தனியாகக் கதையில் வரும் குவாண்டம் கொள்கையைச் சுமக்கிறார், பாவம்.

சத்யஜித் ராய் எழுதிய கதையில் வேற்றுக்கிரகவாசி இறங்கி வந்து யாரைச் சந்திக்கிறார்? ஒரு கிராமத்துப் பள்ளி ஆசிரியரை! நண்பர்களின் கேலிக்கெல்லாம் தலைகுனிந்தே பழகிய பங்கு பாபுவை.

திருகோணமலைக்கு ஒரு தாவல். 1956-இல் அங்கே கடலுக்கடியில் முக்குளித்த ஓர் ஆங்கிலேயரும் அவர் நண்பரும், 17-ஆம் நூற்றாண்டில் போர்த்துகீசியர் இடித்துத் தள்ளிய கோணேஸ்வரம் கோயிலின் தூண்களைக் கண்டார்கள். அந்த ஆங்கிலேயர் ஆர்தர் சி. கிளார்க்! பூமியிலிருந்து சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் செயற்கைக்கோளை நிறுத்தினால் அது நம் தலைக்கு மேலேயே நிற்பதுபோல் இருக்கும், மூன்று இருந்தால் உலகம் முழுக்கப் பேசலாம் என்று 1945-இலேயே எழுதியவர். ஸ்புட்னிக் பறந்ததோ 1957-இல்தான். 1975-இல் இந்தியா 2,400 கிராமங்களுக்குச் செயற்கைக்கோள் வழியே தொலைக்காட்சி காட்டியபோது, இஸ்ரோ பொறியாளர்கள் கொழும்பில் அவர் வீட்டிலும் ஒரு டிஷ் வைத்துக் கொடுத்தார்கள். எழுதியவர் வீட்டுக்கே எழுத்து வந்து இறங்கியது! விண்வெளிக்கு லிஃப்ட் போடும் தன் நாவலுக்காக அவர் இலங்கையையே 800 கிலோமீட்டர் தெற்கே, நிலநடுக்கோட்டுக்கு நகர்த்தி வைத்தார். ஏன் நகர்த்தினார் என்பது ஈர்ப்பியல் பாடத்துக்கான ஐந்து மார்க் கேள்வி. அந்த 36,000 எங்கிருந்து வந்தது என்று கணக்கிட்டு நிறுவுவது இன்னோர் ஐந்து மார்க்.

தப்பான அறிவியல் எத்தனை நன்றாகப் பாடம் நடத்தும் என்பதற்கு ரே பிராட்பரி ஒருவர் போதும். அவருடைய ஒரு கதை வெள்ளிக் கிரகத்தில் நடக்கிறது. ஓயாத மழை. ஏழு வருடத்துக்கு ஒருமுறை ஒரு மணி நேரம் மட்டும் சூரியன் வரும். பூமியில் வெயிலைப் பார்த்த நினைவோடு வந்த மார்கோ என்ற சிறுமியைப் பொறாமையில் மற்றப் பிள்ளைகள் அலமாரி அறைக்குள் பூட்டிவிடுகிறார்கள். சூரியன் வந்து போய்விடுகிறது. 1954-இல் எழுதியது, அமெரிக்கப் பள்ளிகளில் இன்றும் படிக்கிறார்கள். எட்டே வருடத்தில், 1962-இல், மாரினர் 2 விண்கலம் வெள்ளி ஓர் உலை என்று காட்டிவிட்டது. தரையில் சுமார் 465 டிகிரி செல்சியஸ், மேகமெல்லாம் கந்தக அமிலம் என்பது பிற்பாடு தெரிந்தது! அறிவியல் அடியோடு கவிழ்ந்தது. கதைக்கு ஒரு கீறல் இல்லை. வகுப்பில் ஒருத்தியை ஒதுக்கி வைக்கும் பிள்ளைகள் எல்லாக் கிரகத்திலும் இருப்பார்கள் அல்லவா? எது பழசாகிறது, எது ஆகவில்லை என்பதைப் பிள்ளைகளே பிரித்துச் சொல்லட்டும்.

வெல்ஸின் கண்ணுக்குத் தெரியாத மனிதன் கதையையும் சிபிஎஸ்இ பத்தாம் வகுப்பில் சுருக்கி வைத்திருக்கிறார்கள். அந்த மனிதனுக்கு ஒரு சிக்கல் உண்டு. உடம்பு முழுக்கக் கண்ணாடிபோல் ஒளியை விட்டுவிட்டால் விழித்திரையில் பிம்பம் எப்படி விழும்? ஊருக்குத் தெரியாதவனுக்கு ஊரும் தெரியாது! ஒளியியல் பாடம் நடக்கும் அதே மாதத்தில் இதைக் கேட்க வேண்டும்.

பிராட்பரியின் இன்னொரு கூத்து. புத்தகங்களை எரிக்கும் அரசைப் பற்றிய 'ஃபாரன்ஹீட் 451' நாவலை, கலிபோர்னியாவில் ஒரு பல்கலைக்கழக நூலகத்தின் அடித்தளத்தில் வாடகைத் தட்டச்சு இயந்திரத்தில் எழுதினார். அரை மணிக்குப் பத்து சென்ட். முதல் வடிவத்துக்கு ஆன மொத்தச் செலவு 9 டாலர் 80 சென்ட்! கல்லூரிக்கே போகாதவர் அவர். நூலகத்தில் படித்தே ஆளானவர். இனிதான் வேடிக்கை. 1967-இல் பதிப்பகம் உயர்நிலைப் பள்ளிகளுக்கென்று தனிப் பதிப்பு போட்டது. அதில் 75 இடங்களில் சத்தமில்லாமல் கத்தரி போட்டார்கள். குடிகாரன் ஒருவன் நோயாளியாகிவிட்டான்! தணிக்கையை எதிர்த்து எழுதிய நாவலுக்கே தணிக்கை, அதுவும் பள்ளிப் பிள்ளைகளுக்காக! ஆசிரியருக்கே பல ஆண்டுகள் தெரியாது. காட்டிக்கொடுத்தவர்கள் யார்? படித்துவிட்டு அவருக்குக் கடிதம் எழுதிய மாணவர்கள்தான். அதன் பிறகே முழு வடிவம் திரும்பி வந்தது.

டேனியல் கீஸ் பள்ளியில் ஆங்கிலம் நடத்தியவர். கற்றலில் பின்தங்கிய பிள்ளைகளின் வகுப்பில் ஒரு பையன் எழுந்து வந்து, நான் கஷ்டப்பட்டுப் படித்து அறிவாளியானால் சாதாரண வகுப்புக்கு மாற்றுவீர்களா என்று கேட்டான். அந்தக் கேள்வி கீஸை விடவில்லை. அறுவை சிகிச்சையால் அறிவு வளர்ந்து, பிறகு அதே வேகத்தில் சரியும் சார்லியின் கதையாக 1959-இல் அது வெளிவந்தது. முடிவைச் சுபமாக மாற்றச் சொன்னார் ஒரு பத்திரிகை ஆசிரியர். கீஸ் மறுத்து, கதையை வேறு பத்திரிகைக்குக் கொண்டுபோனார். மறு ஆண்டு ஹ்யூகோ விருது!

மூச்சு வாங்கிக்கொள்ளுங்கள், இன்னும் சில. எச்.ஜி.வெல்ஸ் பள்ளி ஆசிரியராக இருந்தபோது அவரிடம் படித்த சின்னப் பையன்களில் ஒருவர், பின்னாளில் 'வின்னி த பூ' எழுதிய ஏ.ஏ.மில்ன். அதே வெல்ஸ் 1914-இல் எழுதிய நாவலில் அணுகுண்டு என்ற பெயரே வருகிறது. அதைப் படித்த லியோ சிலார்டுக்கு 1933-இல் லண்டன் தெருவில் நடக்கும்போது அணுத் தொடர்வினை யோசனை உதித்தது. 'ஸ்டார் டிரெக்' தொடரைப் பார்த்து வளர்ந்த மே ஜெமிசன் 1992-இல் விண்வெளிக்குப் போன முதல் கறுப்பினப் பெண் ஆனார், மறு ஆண்டு அந்த வரிசையின் பிந்திய தொடர் ஒன்றில் நடித்தும்விட்டார்! உர்சுலா லெ குவின், பிலிப் கே. டிக் இருவரும் பெர்க்லி உயர்நிலைப் பள்ளியில் 1947-இல் ஒரே செட். ஒருவரை ஒருவர் தெரியாது!

நம் சுஜாதாவை விட்டுவிட்டால் தமிழ் வாசகர்கள் சும்மா விடுவார்களா? குரோம்பேட்டை எம்ஐடியில் படித்த பொறியாளர். பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸில் மின்னணு வாக்குப்பதிவு இயந்திர உருவாக்கத்தில் முக்கியப் பங்கு. பகலில் நிஜ இயந்திரம், இரவில் 'என் இனிய இயந்திரா'! அதில் சர்வாதிகாரத்தை எதிர்த்து நாயகி நிலாவுக்குத் துணை நிற்பது, புத்தகம் படித்தே புத்திசாலியாகும் நாய் வடிவ ரோபோ ஜீனோ. கதை நடக்கும் காலம் 2020-களின் தொடக்கம். அதாவது நமக்கு அது கடந்த காலம்! எதிர்காலக் கதை ஒன்றைத் தமிழிலேயே மதிப்பெண் போட்டுத் திருத்திப் பார்க்கும் வாய்ப்பு ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்கு வேறு எங்கே கிடைக்கும்?

சீனாவில் இது பரீட்சைக்குள்ளேயே நுழைந்துவிட்டது. 1999-இல் பல்கலைக்கழக நுழைவுத் தேர்வின் கட்டுரைத் தலைப்பு, நினைவுகளை ஒருவரிடமிருந்து மற்றவருக்கு மாற்ற முடிந்தால் என்ன ஆகும் என்பது! அதே விஷயத்தைச் செங்டு நகரிலிருந்து வரும் 'சயின்ஸ் ஃபிக்ஷன் வேர்ல்ட்' பத்திரிகை சரியாக அந்த நேரத்து இதழில் போட்டிருந்தது. கதைப் புத்தகம் படித்தால் கெட்டுப்போவாய் என்று பிடுங்கி வைத்த பெற்றோர்களே கடைக்கு ஓடி அந்தப் பத்திரிகையை வாங்கினார்கள்.

அந்தப் பத்திரிகையில் எழுதி வளர்ந்தவர் லியூ சிக்ஸின், மின் நிலையப் பொறியாளர். அவருடைய ஒரு கதை ஏழாம் வகுப்புப் பாடநூலிலேயே ஏறியிருக்கிறது. நான் சொல்ல வருவது வேறொரு கதை. வறண்ட மலைக் கிராமத்தில் ஒரு பள்ளி ஆசிரியர் புற்றுநோயில் கிடக்கிறார். சாகும் முன் நியூட்டனின் மூன்று விதிகளைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறார். புரியாவிட்டாலும் பரவாயில்லை, மனப்பாடம் செய்யுங்கள் என்று கெஞ்சுகிறார். அதே நேரம் விண்வெளியில் ஒரு பெரும் போரின் கடைசிக் கட்டம். வேற்றுலகத்தார் வழியில் உள்ள நட்சத்திரங்களை அழித்துக்கொண்டே வருகிறார்கள். நாகரிகம் உள்ள கிரகமாக இருந்தால் மட்டும் விட்டுவிடுவது என்று விதி. பூமியில் சோதனைக்காகத் தற்செயலாக அகப்படுகிறவர்கள் இந்தக் கிராமத்துப் பிள்ளைகள்! கேள்வி மேல் கேள்வி. எதற்கும் பதில் தெரியவில்லை. கடைசியில் இயக்க விதிகளைக் கேட்கிறார்கள். பிள்ளைகள் ஒரே குரலில் மடமடவென்று ஒப்பிக்கிறார்கள். பூமி பிழைத்தது!

வேற்றுலகத்தாருக்கு ஒன்றுதான் நம்ப முடியவில்லை. பிறக்கும்போது எந்த நினைவும் கூட வராத உயிரினம், வாயால் எழுப்பும் மெதுவான சத்தத்தைத் தவிர வேறு வழியில்லாத உயிரினம், இவ்வளவு தூரம் எப்படி வந்தது? விசாரித்தால், தலைமுறைக்கும் தலைமுறைக்கும் நடுவே நின்று அறிவைக் கைமாற்றுவதற்கென்றே அங்கே ஒரு வகை ஆட்கள் இருக்கிறார்களாம்!

கைடு விடைகளை மேலே கிண்டல் செய்துவிட்டு இந்தக் கதையைச் சொல்வது எனக்கே சங்கடம்தான். புரியாமல் ஒப்பித்த பிள்ளைகளுக்கு முழு மார்க் போட்ட அந்த வேற்றுலகத்தார் நல்ல பரீட்சைதான் வைத்தார்களா? பிளஸ் டூ வகுப்பில் கேட்டுப் பாருங்கள். பாதிப் பேர் வாத்தியார் பக்கம், பாதிப் பேர் எதிர்ப் பக்கம். மணி அடித்த பிறகும் சைக்கிள் ஸ்டாண்டு வரை சண்டை போகும்.